ஒப்பந்தம் இருக்கட்டும், பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 2020இல் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகள் சேர்ந்து கோவிட் நிதி என்று ஒன்றை அறிவித்தார்களே, அதற்கு என்ன ஆனது, இப்படிப் பக்கத்துப் பக்கத்து அரசுகள் கூட்டுச் சேர்ந்து பொது சுகாதாரத்துக்குப் பணம் போடுவது உலகத்தில் எங்கேயாவது உருப்படியாக நடந்திருக்கிறதா, இல்லை எல்லாமே மேடையில் கைகோத்து போட்டோ எடுப்பதற்குத்தானா? நான் புரிந்துகொண்ட வரையில் இதற்குள் இருக்கும் நிஜக் கேள்வி வேறு. ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத அரசுகள் ஒரே உண்டியலில் காசு போட முடியுமா, போட்டால் அது எத்தனை வருடம் தாங்கும்?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, வெளியுறவு நிபுணரும் இல்லை. அரசு மருந்துக் கிடங்கில் மருந்தாளுநராக 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மருந்து வாங்குவது, வைப்பது, கணக்கு எழுதுவது, தீர்ந்துபோனால் திட்டு வாங்குவது, இதுதான் என் அனுபவம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பற்றிக் கீழே எழுதுவதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, போய்ப் பார்த்ததில்லை. ஆனால் கொள்முதல்காரன் கண்ணோடு படித்தால் சில விஷயங்கள் சட்டென்று பிடிபடும்.

முதலில் நடந்திருக்கிறதா என்ற கேள்வி. நடந்திருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். பெரிய உதாரணம் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது. பான் அமெரிக்க சுகாதார அமைப்பு 1977இல் தீர்மானம் போட்டு, 1979இல் தடுப்பூசி வாங்குவதற்கென்று ஒரு சுழல்நிதியை ஆரம்பித்தது. முதல் போட்டது வெறும் 10 லட்சம் டாலர். ஒவ்வொரு நாடும் அடுத்த வருடத்துக்கு எந்தத் தடுப்பூசி எத்தனை டோஸ் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே டெண்டர், ஒரே விலை. கம்பெனி சரக்கை நேராக அந்தந்த நாட்டுக்கு அனுப்பிவிடும், பில்லை நிதியிலிருந்து கட்டிவிடுவார்கள், நாடு 60 நாளுக்குள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மேலே ஒரு சிறு கட்டணம், ஆரம்பத்தில் 3 சதவீதம், அது முதலோடு சேர்ந்து நிதியை வளர்க்கும். இன்றைக்கு 41 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் இதன் வழியாக வாங்குகின்றன. டொமினிக்கா மாதிரி ஒரு லட்சம் பேர்கூட இல்லாத தீவுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே விலை.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசாகவே தெரியாது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்ததும் இதே கணக்குத்தான். அதற்கு முன்னால் வாங்கும் வேலை அங்கங்கே சிதறிக் கிடந்தது, விலையும் தரமும் இடத்துக்கு இடம் மாறும் என்று நான் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அப்புறம் ஒரே இடத்தில் வாங்கி மாவட்டக் கிடங்குக்கு அனுப்பும் முறை வந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்தாளுநர் ஒருத்தர் பாஸ்புக்கோடு வருவார், பாரசிட்டமால் இத்தனை, ஓஆர்எஸ் இத்தனை என்று எடுத்ததை எழுதி மீதியைக் கழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு என்ன விலையோ அதே விலைதான் அவருக்கும். தனியாக டெண்டர் விட்டிருந்தால் அவர் கேட்கிற நாலு பெட்டிக்கு எந்தக் கம்பெனியும் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. சுழல்நிதியில் டொமினிக்கா அந்த மலையடிவார நிலையம் மாதிரி, அவ்வளவுதான்.

ஆனால் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அதில் பிடித்தது சேருவதற்கான நிபந்தனை. தடுப்பூசிக்கும் ஊசிக்குழலுக்கும் என்று நாட்டின் சொந்த பட்ஜெட்டில் தனித் தலைப்பு இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கணக்குத் தலைப்பு ஒன்று திறந்துவிட்டால் அதை மூடுவது லேசில்லை. மந்திரி மாறுவார், ஆட்சி மாறும், அந்த வரி மட்டும் வருடா வருடம் பட்ஜெட் புத்தகத்தில் வந்துகொண்டே இருக்கும். யாரோ வெளிநாட்டுக்காரன் கொடுக்கிற நன்கொடைக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

இதனால்தான் அமெரிக்கக் கண்டங்களில் போலியோ ஒழிந்தது என்று சிலர் எழுதுவார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. 1991இல் பெருவில் கடைசி நோயாளி, 1994இல் போலியோ இல்லை என்ற சான்று, இது இரண்டும் நிச்சயம். ஆனால் அதற்குப் பின்னால் தேசிய தடுப்பூசி நாட்கள், வீடு வீடாகப் போன ஊழியர்கள், நன்கொடை என்று நிறைய இருக்கிறது. எல் சால்வடாரில் 1985இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க இரண்டு பக்கமும் சில நாட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அதைச் சுழல்நிதி கணக்கில் எழுத முடியுமா? போகிற இடத்தில் பெட்டிக்குள் மருந்து இருந்தது என்பதற்கு நிதி பொறுப்பு, அதற்கு மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சண்டைகளும் உண்டு. எங்களுக்குக் கொடுக்கிற விலையைவிடக் குறைவாக வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிகளிடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அப்புறம் ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் காவி (Gavi) என்ற சர்வதேசக் கூட்டணி வந்தபோது, இன்னும் குறைந்த விலையில் அங்கே கொடுக்க கம்பெனிகள் தயார், ஆனால் இந்த ஷரத்து குறுக்கே நின்றது. ஆப்பிரிக்க ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கிற விலை எங்களுக்கும் வேண்டும் என்று ஓரளவு வசதியான நாடுகள் கேட்பது நியாயமா என்று பெரிய விவாதம். கடைசியில் சில தடுப்பூசிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வாங்குபவனாக யோசித்தால் அந்த ஷரத்தை நானும் போட்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் கூரை ஒழுகினால் நம் சுவரும் நனையும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்தபோது தடுப்பூசித் திட்டமும் சரிந்தது. 2016இல் தொண்டை அடைப்பான் வந்தது, 2017இல் தட்டம்மை வந்தது. எல்லை தாண்டிப் போன மக்களோடு தட்டம்மையும் பிரேசிலுக்குள் போனது, அங்கேயும் தடுப்பூசி போடுவது தளர்ந்திருந்ததால் பற்றிக்கொண்டது. 2016இல்தான் அமெரிக்கக் கண்டங்கள் முழுக்கத் தட்டம்மை ஒழிந்தது என்று அறிவித்திருந்தார்கள், 2019இல் பிரேசில் அந்தத் தகுதியை இழந்தது.

அடுத்த உதாரணம் வேறு மாதிரி, முழுக்க முழுக்க அடுத்தவர் பணத்தில் நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் குருட்டு நோய். வேகமாக ஓடுகிற ஆற்றில் முட்டையிடும் ஒரு கறுப்பு ஈ கடிப்பதால் உடம்புக்குள் புழு போகிறது, அதன் குஞ்சுகள் கண் வரை போய்ப் பார்வையைக் கெடுக்கின்றன. வளமான ஆற்றுப் படுகைகளை விட்டுவிட்டு ஊர் ஊராக ஜனங்கள் ஓடிப்போனார்கள். 1974இல் ஏழு நாடுகள் சேர்ந்து திட்டத்தை ஆரம்பித்தன, தலைமையகம் இன்றைய புர்கினா பாசோவின் தலைநகர் வகாடூகு. உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐநா அமைப்புகள் எல்லாம் பின்னால் நின்றன. ஹெலிகாப்டரில் போய் ஆற்றில் ஈயின் புழுவைக் கொல்லும் மருந்தை ஊற்ற வேண்டும், வாரா வாரம். ஒரு வாரம் விட்டால் அடுத்த தலைமுறை ஈ கிளம்பிவிடும். மனிதன் உடம்பில் இருக்கும் பெரிய புழுவோ 14, 15 வருடம் உயிரோடு இருக்கும், ஆகவே அத்தனை வருடமும் விடாமல் ஊற்றினால்தான் சங்கிலி அறும். இதைக் கொடையாளிகளிடம் முதல் நாளே சொல்லி, அதற்கு ஏற்ற மாதிரி பல வருடத் தவணைகளாக வாக்குறுதி வாங்கினார்கள் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஈ எல்லைக் கல்லைப் பார்த்துப் பறக்காது. காற்றோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போகும். சுத்தம் செய்த ஆற்றுக்குத் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் புது ஈக்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே திட்டத்தை மேலும் நாலு நாடுகளுக்கு விரித்து மொத்தம் 11 ஆக்கினார்கள். 1980 வாக்கில் ஈக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன, மருந்தை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். 1987க்கு அப்புறம், உடம்புக்குள் இருக்கும் புழுக்குஞ்சுகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. 2002இல் திட்டம் முடிந்தபோது மொத்தச் செலவு 55 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சுமார் 6 லட்சம் பேர் குருடாகாமல் தப்பினார்கள், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி சாகுபடிக்கு வந்தது என்பது அவர்கள் கணக்கு. நோயாளி எண்ணிக்கை குறைந்தது உறுதியான விஷயம். நிலக் கணக்கு மதிப்பீடு, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரால் வேலை நின்றுபோன சியரா லியோனில் இதே வெற்றி கிடைக்கவில்லை.

அடுத்தவர் பணத்தில் இருக்கிற ஆபத்து என்ன என்று பார்க்க ஆப்பிரிக்காவின் தெற்குக்குப் போக வேண்டும். 1999இல் தென் ஆப்பிரிக்கா, சுவாசிலாந்து (இப்போது எஸ்வாட்டினி), மொசாம்பிக் மூன்றும் லுபோம்போ மலைப் பகுதியில் மலேரியாவை ஒழிக்கச் சேர்ந்தன. தன் எல்லைக்குள் எவ்வளவு மருந்து அடித்தாலும் பக்கத்து மொசாம்பிக்கில் அடிக்காவிட்டால் வீண் என்று தென் ஆப்பிரிக்காவுக்குப் புரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்தார்கள், மூன்று பக்கமும் மலேரியா மடமடவென்று இறங்கியது. பெரும்பங்கு பணம் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்திலிருந்து வந்தது. 2011இல் அது முடிந்தது. முடிந்ததும் தெற்கு மொசாம்பிக்கில் மலேரியா மறுபடி ஏறியது. 2015இல் அதே மூன்று நாடுகளும் வேறு பெயரில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 2012இல் வந்த ஓர் ஆய்வு, 61 நாடுகளில் மலேரியா திரும்பி வந்த 75 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. அதில் 68இல் ஒழிப்பு வேலை தளர்ந்ததும் ஒரு காரணம். நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு: இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்கு மலேரியா, தெளிப்பதை நிறுத்தினார்கள், 1960களின் கடைசியில் லட்சக்கணக்கில் வந்தது. அதிலிருந்து மீண்டு 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று வாங்க அரை நூற்றாண்டு ஆனது. நோய் குறைந்ததும் நிதி கேட்டுப் போகிறவனை ஆபீசில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. கிடங்கிலும் இதேதான், போன வருடம் செலவாகாத மருந்துக்கு இந்த வருடம் ஒதுக்கீட்டை வெட்டுவார்கள், செலவாகாமல் போனது எதனால் என்று கேட்க மாட்டார்கள்.

சரி, சார்க்குக்கு வருவோம். 2020 மார்ச் 15 அன்று வீடியோவில் தலைவர்கள் பேசினார்கள். இந்தியா 1 கோடி டாலர் என்று ஆரம்பித்தது, இலங்கை 50 லட்சம், வங்கதேசம் 15 லட்சம், மற்றவர்களும் அவரவர் சக்திக்கு, பாகிஸ்தான் கடைசியில் 30 லட்சம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் பொதுவான உண்டியலே இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு தானே செலவு செய்யும் என்ற ஏற்பாடு. பணம் சார்க் செயலகத்தின் கீழ் வர வேண்டும் என்று பாகிஸ்தான் சொன்னது, இந்தியா ஒப்பவில்லை. இந்தியா தன் பங்கை அண்டை நாடுகளுக்கு மருந்தும் கருவிகளும் அனுப்பச் செலவு செய்தது, அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்த உதவி. அதைக் கூட்டு நிதி என்று சொல்ல நாக்கு வரவில்லை. 2014 காத்மாண்டுவுக்கு அப்புறம் உச்சி மாநாடே நடக்காத அமைப்பிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு.

அதற்காகத் தெற்காசியாவில் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். காலா அசார் என்ற காய்ச்சல், மணல் ஈ கடித்து வருவது, வைத்தியம் பார்க்காவிட்டால் ஆளைக் கொல்வது. பீகார், நேபாளத்தின் தராய் சமவெளி, வங்கதேசம் என்று ஒரே பட்டையாகக் கிடந்தது. 2005இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றும் கையெழுத்துப் போட்டு, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவருவோம் என்று இலக்கு வைத்தன. 2015க்குள் என்றார்கள், முடியவில்லை. 2023 அக்டோபரில் வங்கதேசம் சான்று வாங்கியது, உலகத்திலேயே முதல் நாடு. அதுவும் சார்க் வழியாக நடக்கவில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியக் கிளை வழியாக நடந்தது. அந்தக் கிளைக்கு டெல்லியில் அலுவலகம், பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் அதில் இல்லை, அவை கெய்ரோ கிளையில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் விசித்திரம், ஆனால் இந்தப் பிரிவினையால்தான் அரசியல் சண்டை உள்ளே வராமல் வேலை நடந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. பணமும் எளிமையாகத்தான் இருந்தது: மருந்து அடிக்கும் செலவு அவரவர் பட்ஜெட், விலை உயர்ந்த ஊசி மருந்து கம்பெனியின் நன்கொடையாக உலக சுகாதார நிறுவனம் வழியே வந்தது. அந்த நன்கொடை நின்றால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

கடைசியாக, நம் பக்கத்தில் இப்படி ஒன்று ஆரம்பித்தால் எதில் ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருந்தார். என் பதில் பலருக்கு விநோதமாக இருக்கும்: பாம்புக்கடி மருந்து. மழைக்காலம் வந்தால் கிடங்கில் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்தக் குப்பிகளைத்தான். உள்ளே வெள்ளைப் பொடி, தண்ணீர் கலந்து ஏற்ற வேண்டும், ஒரு ஆளுக்கு எடுத்த எடுப்பிலேயே பத்துக் குப்பி ஆகும். ஒரு ஆஸ்பத்திரியில் நாலு குப்பிதான் மிச்சம் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வந்து, ஜீப்பில் ஐஸ் பெட்டியோடு நானே போனேன், பிழைத்துக்கொண்டார். இந்தியாவில் மட்டும் வருடத்துக்கு சராசரி 58,000 பேர் பாம்பு கடித்து இறக்கிறார்கள் என்பது 2020இல் வந்த மதிப்பீடு. நேபாளம், வங்கதேசம், இலங்கை எல்லாமே பெரும்பாலும் இந்தியக் கம்பெனிகளைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

தனித்தனியாக வாங்குவதால் யாருக்கும் பேரம் பேசும் பலம் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலுக்கு மட்டும்தான் மருந்து. இலங்கையில் அதிகம் கடிப்பதோ மூக்கு தூக்கலாக இருக்கும் ஒரு சின்னக் குழிவிரியன், வங்கதேசத்தில் பச்சைக் குழிவிரியனும் வேறு வகை நாகமும் உண்டு. இவற்றுக்கும் சேர்த்து மருந்து செய் என்று இலங்கை மட்டும் கேட்டால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகாது. நாலு நாடும் அடுத்த மூன்று வருடத் தேவையை ஒரே காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றும் தன் பட்ஜெட்டில் தலைப்பு திறந்து, முன்பணம் கட்டினால் கம்பெனி கணக்குப் போட்டுப் பார்க்கும். அந்தந்த நாட்டுப் பாம்பின் விஷத்தைச் சேகரித்து எல்லை தாண்டி அனுப்ப வனத்துறை அனுமதி, ஒவ்வொரு நாட்டிலும் மருந்துப் பதிவு, இவை இழுத்தடிக்கும் வேலைகள்தான். ஆனால் இதற்கு உச்சி மாநாடு தேவையில்லை. நாலு சுகாதாரத் துறைச் செயலாளர்களும் நாலு நிதித் துறை ஆட்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும், முதல் வருடத்துக்கு 1979இல் அமெரிக்கக் கண்டங்களின் சுழல்நிதியில் போட்ட 10 லட்சம் டாலர் மாதிரி ஒரு தொகையே தாராளம்.